26 வாக்கும் இரண்டு அணியும்

1977-ஆம் ஆண்டு மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தேசியத் துணைத் தலைவர் பதவிக்குக் கடும் போட்டி. ஒரு பக்கம் ச. சாமிவேலு, மறுபக்கம் ச. சுப்பிரமணியம். அன்றைய தேசியத் தலைவர் மாணிக்கவாசகத்தின் ஆதரவு சுப்பிரமணியத்துக்கு. வாக்குகளை எண்ணி முடித்தபோது 26 வாக்கு வித்தியாசத்தில் சாமிவேலு ஜெயித்திருந்தார். 14 பேராளர்கள் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். இரண்டே ஆண்டில், 1979 அக்டோபரில், மாணிக்கவாசகம் காலமானார். துணைத் தலைவர் தலைவரானார். 2010 டிசம்பர் வரை அந்த நாற்காலி அவருடையதாகவே இருந்தது.

அந்த 26 வாக்கு கட்சி மண்டபத்தோடு நின்றுவிடவில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் பல வருஷங்களுக்கு ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருந்தது: "நீங்க சாமி ஆளா, சுப்ரா ஆளா?" கோயில் கமிட்டியில், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. சுப்பிரமணியம் 1989-ல் தலைவர் பதவிக்கே நேரடியாக மோதிப் பார்த்துத் தோற்றார். பின்னாளில் கிடைத்த துணைத் தலைவர் பதவியையும் 2006-ல் ஜி. பழனிவேலிடம் இழந்தார். ஆனாலும் அணி கலையவில்லை.

மலேசியாவில் மக்கள் நேரடியாக வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. நாட்டுக்கு மாமன்னர் உண்டு, பிரதமர் உண்டு. ஆனால் தமிழர்களுக்கு 'தலைவர் தேர்தல்' என்றால் நெடுங்காலம் ம.இ.கா. தலைவர் தேர்தல்தான். அதில் வாக்குரிமை இருந்தது கிளைத் தலைவர்களுக்கும் பேராளர்களுக்கும். வாக்கில்லாத லட்சக்கணக்கானோரும் ஏன் அதற்காக அடித்துக்கொண்டார்கள்? காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. பல ஆண்டுகள் அமைச்சரவையில் ஒரே ஓர் இந்திய அமைச்சர்தான். நீல அடையாளக் கார்டு கிடைக்காத பிள்ளை, ஓட்டைக் கூரையோடு நிற்கும் தமிழ்ப்பள்ளி, மேம்பாட்டு நிறுவனம் கேட்கும் கோயில் நிலம் எல்லாமே அந்த ஒருவரின் அலுவலக வாசலில்தான் வரிசையில் நின்றன. அந்த வாசலில் நமக்குத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. தோட்டத்து மக்களின் பற்றை 'தனிமனித வழிபாடு' என்று சொல்லி ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சாமி - சுப்ரா சண்டைதான் முதல் சண்டை என்றும் சொல்ல முடியாது. பிரிக்பீல்ட்ஸின் பெரிய வீதி ஜாலான் துன் சம்பந்தன். ஜாலான் ரஹ்மாட்டில் இருக்கும் ம.இ.கா. தலைமையகக் கட்டடம் மெனாரா மாணிக்கவாசகம். ஒருவர் பெயர் வீதியில், மற்றவர் பெயர் கட்டடத்தில். உயிரோடு இருந்த காலத்தில் இருவரும் எதிரெதிர் அணி. 1955 முதல் கட்சியை நடத்திய துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டி 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். சொந்தச் சொத்தைக் கட்சிக்குச் செலவிட்டவர் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். மாணிக்கவாசகம் 1959 முதல் கிள்ளானின் நாடாளுமன்ற உறுப்பினர். எழுபதுகளின் தொடக்கத்தில் மோதல் முற்றியது. பிரதமர் துன் ரசாக் தலையிட்டார். 1973 ஜூன் இறுதியில் சம்பந்தன் பதவி விலகினார். ஒரு தரப்புக்கு அது துரோகம், மறு தரப்புக்கு நெடுநாள் காத்திருந்த மாற்றம். 1979-ல் சில மாத இடைவெளியில் இருவருமே காலமானார்கள்.

பிறகு சாமிவேலுவின் நீண்ட காலம். அவரைப் பற்றிய வாக்குவாதம் எப்படி நடக்கும் என்பது கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தே தாரிக் குடித்துப் பழகியவர்களுக்கு மனப்பாடம்.

"அண்ணே, கெடாவுல யூனிவர்சிட்டி கட்டினது யாரு? உங்க ஆளா?"

"கட்டினாரு தம்பி, இல்லைங்கல. மைக்கா காசு எங்க போச்சு? அதச் சொல்லு முதல்ல."

இரண்டுமே நியாயமான பேச்சு என்பதுதான் வேதனை. 2001-ல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உண்மை. அதில் படித்து மருத்துவரான தமிழ்ப் பிள்ளைகள் உண்மை. ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனமாக 1982-ல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸும் உண்மை. சுமார் 66,000 பேர், நகையை அடகு வைத்தவர்கள் உட்பட, 10 கோடி வெள்ளிக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள். 1990-ல் டெலிகாம் பங்குகள் 1 கோடி ஒதுக்கப்பட்டபோது மைக்காவுக்கு வந்தது 10 லட்சம். மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. நாடே அதைப் பேசியது. ஊழல் தடுப்பு அதிகாரிகள் விசாரித்தார்கள். சாமிவேலு மீது வழக்கு எதுவும் வரவில்லை. கடைசியில் 2010-ல், ஒரு வெள்ளி போட்டு வாங்கிய பங்குக்கு 80 சென் விலை பேசப்பட்டது. இடையில் ஓடியது ஏறக்குறைய 30 ஆண்டு.

ஆனால் 'சாமி ஆள்' வாயிலிருந்து மைக்கா என்ற சொல் தானாக வராது. 'சுப்ரா ஆள்' வாயிலிருந்து எய்ம்ஸ்ட் வராது. ஒருவரே இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது அபூர்வம். 1924-ல் பிறந்த 'தமிழ் நேசன்' நாளிதழ் சாமிவேலு குடும்பத்தின் கைக்கு வந்த பிறகு, அதைப் படிப்பதா வேண்டாமா என்பதே அணி அடையாளமாகிப் போனது. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி. பண்டிதன் 1990-ல் ஐ.பி.எப். கட்சியைத் தொடங்கியபோது உழைக்கும் மக்களில் ஒரு பெரும் பகுதி அவர் பின்னால் போனது. அதோடு மூன்றாவது அணி ஒன்றும் முளைத்தது.

இது தமிழனுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைத்து நொந்துகொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வர் 1960-ல் எழுதிய நூல் இன்றும் அரசியல் மாணவர்களுக்குப் பாடம். கட்சிப் பற்று ஒரு வடிகட்டிபோல வேலை செய்கிறது, தனக்குச் சாதகமான செய்தியைத்தான் உள்ளே விடுகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. 2016 நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும் அது கண்முன் நடந்தது. அவர் பதவியேற்பதற்கு முன்பே, நாட்டின் பொருளாதாரத்தின் மேல் குடியரசுக் கட்சி ஆதரவாளர்களின் நம்பிக்கை மளமளவென்று ஏறியது. ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களின் நம்பிக்கை சரிந்தது. சம்பளமும் விலைவாசியும் அந்தச் சில வாரங்களில் அப்படியேதான் இருந்தன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வடிகட்டி ஒருமுறை கிழிந்தது. 2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. இந்தியர் உரிமைக்காகக் குரல் கொடுத்த இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பை ஏற்று பல்லாயிரம் பேர் கோலாலம்பூரில் பிரிட்டிஷ் தூதரகம் நோக்கிக் கிளம்பினார்கள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வரவேற்றன. டிசம்பரில் பி. உதயகுமார், எம். மனோகரன், வி. கணபதிராவ், ஆர். கெங்காதரன், டி. வசந்தகுமார் ஆகிய ஐவரும், விசாரணையின்றி அடைக்கும் இசா சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். உதயகுமாரின் தம்பி வேதமூர்த்தி லண்டனில் இருந்தார்.

2008 மார்ச் 8-ஆம் தேதி பொதுத்தேர்தல். அன்று சாமிவேலுவுக்கு 72-ஆவது பிறந்தநாள். 1974 முதல் அவர் கையில் இருந்த சுங்கை சிப்புட், டாக்டர் மைக்கல் ஜெயக்குமாரிடம் போனது. உலு சிலாங்கூரில் பழனிவேல் 198 வாக்கில் தோற்றார். ம.இ.கா. நின்ற 9 நாடாளுமன்றத் தொகுதிகளில் மிஞ்சியது 3. கிள்ளானில் சார்லஸ் சந்தியாகோவும் காப்பாரில் எஸ். மாணிக்கவாசகமும் (பழைய தலைவர் அல்ல, கெஅடிலான் கட்சிக்காரர்) ஜெயித்தார்கள். கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் மனோகரன் தடுப்புக்காவலில் இருந்தபடியே ஜெயித்தார். வாழ்நாளெல்லாம், ம.இ.கா. அங்கம் வகித்த தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்கே போட்டு வந்த கிழவிகளும் அந்த முறை மாற்றிப் போட்டார்கள். மலேசியத் தமிழர் அரசியலில் இதைவிட மரியாதைக்குரிய நாள் வேறில்லை. யார் ஆள் என்று பார்க்காமல், என்ன நடந்தது என்று பார்த்து மக்கள் வாக்களித்த நாள் அது.

ஐந்தே ஆண்டில் பழைய வழக்கம் புதுப் பெயர்களோடு திரும்பியது. 2013 ஏப்ரல் 18-ல் வேதமூர்த்தி, பிரதமர் நஜிப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு தேசிய முன்னணியை ஆதரிக்கச் சொன்னார். அண்ணன் உதயகுமார் ஒத்துக்கொள்ளவில்லை. கிள்ளான் வட்டாரத்தின் கோத்தா ராஜா நாடாளுமன்றத் தொகுதியிலும் ஸ்ரீ அண்டாலாஸ் சட்டமன்றத் தொகுதியிலும் சுயேச்சையாக நின்று தோற்றார். அவரோடு கமுந்திங்கில் இருந்த கணபதிராவ், ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.) வேட்பாளராகக் கோத்தா ஆலம் ஷாவில் ஜெயித்தார். ஒரே ஊர்வலத்தில் பிறந்தவர்கள் ஒரே தேர்தலில் மூன்று திசையில் நின்றார்கள். நேற்றுவரை தியாகி என்று கொண்டாடிய அதே வாய் வேதமூர்த்தியைத் துரோகி என்றது. துணையமைச்சரான அவர், ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்று சொல்லி 2014 பிப்ரவரியில் விலகினார். 2018-ல் மகாதீர் அமைச்சரவையில் முழு அமைச்சரானபோது, திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் தோட்டத்து மக்களுக்கும் நாடற்றவர்களுக்கும் என்ன எழுதியிருந்தது, அதில் எத்தனை நடந்தது என்பதைப் பேசியவர்கள் மிகக் குறைவு.

ம.இ.கா.வுக்குள்ளும் அமைதியில்லை. 2013 கட்சித் தேர்தலைச் சங்கங்களின் பதிவிலாகா ஏற்க மறுத்தது, சண்டை நீதிமன்றம்வரை போனது, 2015-ல் அப்போதைய தலைவர் பழனிவேல் கட்சித் தலைமையையும் அமைச்சர் பதவியையும் அடுத்தடுத்து இழந்தார்.

2022 முதல் ஆட்சி நம்பிக்கைக் கூட்டணியின் தலைமையில். அணிகளும் அங்கேயே குடிபோய்விட்டன. 2022 தேர்தலில், மூன்று தவணை கிள்ளானைப் பிரதிநிதித்துவம் செய்த சார்லஸ் சந்தியாகோவுக்கு ஜ.செ.க. வாய்ப்புத் தரவில்லை, கணபதிராவ் நிறுத்தப்பட்டு ஜெயித்தார். தண்ணீர், தொழிலாளர், அகதிகள் என்று நாடாளுமன்றத்தில் ஓயாமல் பேசியவரை ஓரங்கட்டியதாக ஒரு தரப்பு; இண்ட்ராப் தியாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று மறு தரப்பு. பிரதமர் அன்வாரின் அமைச்சரவையில் மனிதவள அமைச்சராக இருந்த வி. சிவகுமார் 2023 டிசம்பரில் விடுபட்டார். கோபிந்த் சிங் டியோ உள்ளே வந்தார். தமிழர் ஒருவர்கூட முழு அமைச்சராக இல்லையே என்ற வருத்தம் எழுந்தது. அடுத்த மே மாதம் கோல குபு பாரு இடைத்தேர்தலில், ஜ.செ.க.விலிருந்து வெளியேறி உரிமை கட்சியைத் தொடங்கிய பேராசிரியர் பி. இராமசாமி, ஆளும் கூட்டணிக்கு இந்தியர்கள் பாடம் புகட்ட வேண்டும் என்று பிரசாரம் செய்தார். ஜ.செ.க. வேட்பாளர் 3,869 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2025 டிசம்பரில் சுங்கை பூலோ உறுப்பினர் ஆர். ரமணன் மனிதவள அமைச்சரானதும், "நம்ம ஆளு வந்துட்டாரு" என்பதும் "அவரு யார் ஆளு தெரியுமா?" என்பதும் ஒரே நாளில் வாட்ஸாப்பில் ஓடின.

அமைச்சரவையில் தமிழர் வேண்டும் என்பது சரியான கோரிக்கை. அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. அவர் வந்த பிறகு அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதுதான் நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம். எதிர் அணிக்காரர் கேட்டால் 'வயிற்றெரிச்சல்' என்கிறோம். சொந்த அணிக்காரர் கேட்டால் 'காட்டிக்கொடுக்கிறான்' என்கிறோம். கேள்வி கேட்கும் ஆளே இல்லாமல் போகிறது.

இளைஞர்களிடம் கொஞ்சம் வேறு காற்று வீசுகிறது. 2018-ல் கோலாலம்பூரின் பத்து தொகுதியில் 22 வயது சுயேச்சை பி. பிரபாகரன், நம்பிக்கைக் கூட்டணியின் வேட்பாளர் தகுதியிழந்த நிலையில் அந்தக் கூட்டணி ஆதரவோடு ஜெயித்து நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார். வாக்குரிமை வயது 18 ஆக இறங்கி, பதிவும் தானாகவே நடப்பதால், 2022-ல் வாக்காளர் எண்ணிக்கை 2 கோடி 10 லட்சத்தைத் தாண்டியது. இண்ட்ராப் ஊர்வலம் நடந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகளுக்கு 2025-ல் 18 வயது ஆகிவிட்டது. சாமி யார், சுப்ரா யார் என்பது அவர்களுக்கு அப்பா சொன்ன கதை. இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ரா பிரிவுக்குப் பல ஆண்டுகள் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. கிள்ளானில் எந்தப் பாலர் பள்ளிக்கு, எந்தப் பயிற்சி நிலையத்துக்கு, எத்தனை வெள்ளி போனது, அதில் எத்தனை பிள்ளை படித்து முடித்தது என்று அடுத்த செராமாவில் அவர்கள் எழுந்து நின்று கேட்கலாம், மேடையில் இருப்பவர் யாருடைய ஆளாக இருந்தாலும்.