மலை எங்கே சரியும்? கம்ப்யூட்டர் போடும் கணக்கு

மழைக்காலம் வந்தாலே மலைப்பாதையில் மண்சரிவுச் செய்திகளும் வந்துவிடுகின்றன. எந்தச் சரிவு விழும் என்று முன்பே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். அதற்கான அடிப்படை நம்ம சர்வே, சாயில் மெக்கானிக்ஸ் பாடங்களிலேயே இருக்கிறது.

நாம் டிராயிங் ஷீட்டில் காண்டூர் போடுகிறோம். டிஜிட்டல் வரைபடத்தில் நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் பதிகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தகவலில் கட்டத்தின் அகலம் பெரும்பாலும் சுமார் 30 மீட்டர். பக்கத்துக் கட்டம் 15 மீட்டர் உயரமாக இருந்தால் சரிவு 15/30 = 0.5, கோணம் சுமார் 27 டிகிரி.

அடுத்தது மண். கொஹிஷன் இல்லாத மண், உராய்வுக் கோணம் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதன் டேன் மதிப்பு 0.7. அதைச் சரிவால் வகுத்தால் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி 0.7/0.5 = 1.4. சரிவு நிற்கும். அதே மண் மழையில் மேல்மட்டம் வரை ஊறி, நீரும் சரிவோடு கசிந்து இறங்கினால் இது சுமார் பாதியாகிவிடும்: 0.7! ஒன்றுக்குக் கீழே போனால் மண் நிற்காது. இந்தக் கணக்கை லட்சக்கணக்கான கட்டங்களுக்குப் போட்டு, ஆபத்தான கட்டங்களுக்குக் கம்ப்யூட்டர் சிவப்பு அடித்துக் காட்டும்.

ஆனால் சிவப்பை மட்டும் பார்த்தால் போதாது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் சரிவு தொடங்கியது சுமார் 1,550 மீட்டர் உயரத்தில். பாறையும் சேறும் ஆற்றோடு ஏறத்தாழ 8 கி.மீ. ஓடி, முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அடித்துச் சென்றன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆற்றோரத் தாழ்நிலம் கோணக் கணக்கில் பத்திரமாகத்தான் தெரியும். ஆகவே ‘எங்கே உடையும்’ என்பதோடு ‘எந்த வழியே ஓடும்’ என்பதையும் வரைய வேண்டும். அதற்கும் அதே உயரத் தகவல்தான் அடிப்படை. ஓடைகளின் வழியை அதிலிருந்தே எடுக்கலாம்.

இன்னொரு விஷயம். ரோட்டுக்காகச் செங்குத்தாக வெட்டிய 5 மீட்டர் மண்சுவர், 30 மீட்டர் கட்டத்துக்குள் காணாமலே போய்விடும். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடும் அப்படித்தான். அதையெல்லாம் டேப்பும் லெவலும் தூக்கிக்கொண்டு நேரில் போய் அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அந்த வேலை நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.