வண்டி வீடும் வாடை மழையும்



வீடு ஓரிடத்தில் நிற்பது, வண்டி ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஓடும் வீடு ஒன்றை மனிதன் சமைத்துக்கொண்டான். படுக்கை, அடுப்பு, நீர்த்தாங்கி, பெட்டகம் யாவும் ஒரு மோட்டார் வண்டியினுள் அடங்கிய இவ்வமைப்பை வண்டி வீடு என அழைப்போம். 1950களிலே ஜெர்மனியில் வொக்ஸ்வாகன் வானும், இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் வானும் இவ்வாறு மாற்றி அமைக்கப்பட்டு மக்களிடையே பரவின. நம் நாட்டில் இதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் அரியன. பழைய வான், சிறு பஸ், லொறி ஆகியவற்றின் கூட்டினுள்ளே தச்சரைக்கொண்டு அறை அமைத்துக்கொள்வோரும், அதிலேயே கடை நடத்துவோரும் உண்டு. சேமித்த பணம் முழுவதையும் அதிலே இட்டவருக்கு அவ்வண்டி வீடாகவும் தொழிலாகவும் விளங்குகின்றது. அதனைச் சத்தமின்றி அழிக்கும் பகை ஒன்று உண்டு. அதுவே கூரையினூடு கசியும் நீர்.

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட இறக்கக்கண்டியிலே, கடலோரத்துத் தென்னைகளின்கீழ் பழைய வண்டி வீடொன்று நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. திருகோணமலையில் ஆண்டொன்றுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள வாடைக் காலத்திலேயே கொட்டித் தீர்க்கின்றது. எஞ்சிய மாதங்களில் கச்சான் காற்றும் கடும் வெயிலும் ஆட்சி புரிகின்றன. ஆண்டு முழுவதும் உப்புக் காற்று வீசுகின்றது. அண்டையிலுள்ள உப்புவெளியின் பெயரே இக்கரையின் இயல்பைச் சொல்லும். வெயில் விரிசலைத் திறக்கின்றது. மழை உள்ளே புகுகின்றது. உப்பு அந்த ஈரத்தைப் போகவிடாது பிடித்துவைக்கின்றது. இம்மூன்றின் கூட்டையும் விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

வெயில் எவ்வாறு விரிசலைத் திறக்கின்றது? வண்டியின் கூரை பெரும்பாலும் அலுமினியத் தகட்டால் ஆயது. வெப்பம் ஏறினால் அலுமினியம் நீளும். ஆறு மீற்றர் நீளமான கூரைத் தகடு, நண்பகலில் 60 பாகை வரை சூடேறி, திடீர் மழையில் 30 பாகைக்குக் குளிர்ந்தால், நான்கு மில்லிமீற்றர் அளவு சுருங்குகின்றது. அதனைத் தாங்கும் மரச்சட்டமோ அவ்வளவு சுருங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் திருகாணிகள் தத்தம் துளைகளை இழுத்து விரிக்கின்றன. பொருத்துவாயில் இட்ட பசை பத்து, பதினைந்து ஆண்டுகளில் இறுகி வெடிக்கின்றது. இரும்புத் திருகாணியும் அலுமினியத் தகடும் உப்பு நீரில் சேர்ந்திருந்தால், அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படும். ஆணியைச் சுற்றி அந்த வெண்பொடியைக் கண்டால், அங்கே நீருக்கு வழி திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நீர் புகுந்த இடம் ஒன்று. கறை தோன்றும் இடம் வேறு. கூரையின் முன்மூலையில் நுழைந்த துளி, உள்ளே மறைந்துள்ள சட்டத்தின் வழியே ஓடி, இரண்டு மீற்றர் அப்பால் படுக்கையின் தலைமாட்டில் சொட்டலாம். கறைக்கு நேர்மேலே பசை பூசுவோர் ஏமாறுவது இதனாலேயே. ஊற்றைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. வானம் வெளுத்த நாளொன்றில், உள்ளே ஒருவர் கைவிளக்குடன் அமர, வெளியே மற்றவர் றப்பர்க் குழாயால் மெதுவாக நீர் பாய்ச்ச வேண்டும். முதலிற் சுவரின் அடிப்பகுதி; பின்னர் சாளரத்தின் கீழ்விளிம்பு; அதன்பின் மேல்விளிம்பு; இறுதியாகக் கூரைப் பொருத்துகள். ஒவ்வோரிடத்திலும் சில நிமிடம் தங்கவேண்டும். மேலிருந்து தொடங்கினால், வழிந்தோடும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிட, எது வாயில் என்று அறியமுடியாது.

சாளரங்களின் மேல்விளிம்பு, கூரைச் சாளரம், பின்விளக்குகள், வெயில்மறைப்பைத் தாங்கும் ஆணிகள், சில்லுகளின் மேலுள்ள வளைவு ஆகியன வழக்கமான குற்றவாளிகள். மழையில்லாத மாதத்திலும் தரை ஈரமாக இருந்தால், குற்றம் வானத்தினதன்று. நீர்த்தாங்கியையோ அதன் குழாய்ப் பொருத்தையோ சோதிக்கவேண்டும்.

அடுத்து, சேதத்தின் அளவை அறியவேண்டும். கத்திப்பிடியால் சுவரைத் தட்டினால், நல்ல மரம் கணீரென்னும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் குத்தூசியை அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குமாயின் அம்மரம் போயிற்று. தரையில் நடக்கும்போது கால் அமிழ்வதும், மூடிய வண்டியைத் திறந்தவுடன் பூஞ்சண மணம் எழுவதும் தக்க அடையாளங்கள். பழைய வண்டி வாங்க எண்ணுவோர் பெருமழைக்கு மறுநாள் சென்று பார்ப்பது நன்று. ஒரு மூலையில் மட்டும் புதுப்பலகையும் புதுவர்ணமும் மின்னினால், அங்கே எதனை மறைத்தார்கள் என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

மரம் உளுத்துப்போவது நீரால் மட்டும் நிகழ்வதன்று. மரத்தை உண்ணும் பூஞ்சணமே உண்மைக் காரணம். நீர் அதற்குக் கதவு திறக்கின்றது. உலர்ந்த மரம் 100 கிராமுக்கு 20 கிராமுக்குக் குறைவான நீர் இருக்கும்வரை பூஞ்சணம் வளரமாட்டாது. 30 கிராம் அளவை எட்டியதும் அது செழித்து வளரும். இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. உலரவைத்தால் அழிவு நிற்கும் என்பது ஒன்று. ஈரத்தின்மேல் வர்ணமோ பலகையோ வைத்து மூடினால், பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக்கொடுக்கின்றோம் என்பது மற்றொன்று.

இந்த உண்மையை இக்கரையோர மீனவர் தம் கண்ணாடிநார்ப் படகுகளிலே காணலாம். வெளியிணைப்பு எஞ்சின் பூட்டும் பின்பக்கச் சுவரினுள்ளே ஒட்டுப்பலகை வைத்து, அதன்மேற் கண்ணாடிநார் போர்த்தப்படுவதுண்டு. ஆணித்துளையை அடைக்காது விட்டால், வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே பலகை கூழாகிவிடும். வண்டி வீட்டின் சுவரும் இதுபோன்றதே: வெளியே தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, நடுவே சட்டம். வெளித்தோற்றத்தைக்கொண்டு உள்நலத்தை அளவிடலாகாது.

உலர்த்தும் வேலைக்கு உகந்தது கச்சான் வீசும் காலம். ஆயின் உலர்த்துமுன் ஒரு காரியம் செய்யவேண்டும். உப்புப் படிந்த பாகங்களை நன்னீரால் கழுவவேண்டும். ஈரத்தைப் போக்க மேலும் நீரா என்று வியக்கவேண்டாம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையும். கடற்கரை இரவுகளில் அந்த அளவு எளிதிற் கடந்துவிடும். உப்பு உள்ளவரை மரம் பகலில் உலர்ந்து இரவில் நனையும். கழுவியபின் உட்பலகைகளைக் கழற்றி, பஞ்சணை, அடைப்புப் பஞ்சு முதலியவற்றை வெளியேற்றி, கதவு சாளரங்களைத் திறந்து, வாரக்கணக்கில் காற்றோட விடவேண்டும். மேலே ஒரு கூரைப்பாய் வேண்டும். ஆனால் அது வண்டியைத் தொடாது, இடைவெளி விட்டுக் கட்டப்படவேண்டும். ஈரமானி கிடைத்தால் 15 அல்லது 16 என்னும் அளவு காட்டும்வரை பொறுத்திருங்கள்.

பின்னர் வெட்டும் வேலை. உளுத்த பகுதியோடு, அதனைச் சுற்றி ஒரு சாண் அளவு நல்ல மரத்தையும் நீக்குவது பாதுகாப்பு. கூழான மரத்தின்மேல் பசை ஊற்றி இறுக்குவதால், பாரம் தாங்கும் சட்டம் மீண்டும் பலம்பெறாது. புதிய துண்டை இணைக்கும்போது, தடிப்பைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்கு இருமுனைகளையும் சரிவாகச் சீவி, நீர் தாங்கும் பசையிட்டுப் பொருத்தவேண்டும். முதிரை, பாலை போன்ற நம் மரங்கள் உறுதியானவை, ஆயினும் பாரமானவை. கூரையிற் பாரம் ஏறினால் வளைவுகளில் வண்டி சாயும். ஆகவே இலேசான தேக்கும், கடற்பாவனைக்குரிய ஒட்டுப்பலகையும் ஏற்றவை. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால் பூஞ்சணமும் கறையானும் அணுகா. ஆனால் அது நீரிற் கரைவது. கசிவை அடைக்காத வண்டிக்கு அதனாற் பயனில்லை.

அடைப்பதற்கு எதனைப் பயன்படுத்துவது? சீமெந்தும் மரப்பட்டியும் கூடா. நான்கு மில்லிமீற்றர் அசையும் கூரை அவற்றை முதற் கோடையிலேயே வெடிக்கச்செய்யும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே பியூட்டைல் றப்பர் நாடாவும், வெளிவிளிம்பில் பாலியூரித்தேன் நெகிழ்பசையும் தக்கவை. எங்கும் கிடைக்கும் சிலிக்கன் பசையைக் கூரையில் அப்புவது தவறு. பின்னாளில் அது உரிந்தால், அவ்விடத்தில் வேறு பசையோ வர்ணமோ ஒட்டமாட்டாது. பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுத்தபின்னரே புதியதை இடவேண்டும். இரும்பாணிகளை நீக்கித் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளைப் பூட்டி, அவற்றின் கழுத்திலும் பசை தடவவேண்டும்.

இங்கே உயிரோடு தொடர்புடைய எச்சரிக்கை ஒன்று கூறவேண்டும். துளையென்று கண்டதையெல்லாம் அடைத்துவிடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றினும் பாரமானது. உருளையிலிருந்து கசிந்தால் தரையிலே குளம்போற் தேங்கும். ஒரு பொறி போதும். அது வெளியேறுவதற்கென்றே உருளைப் பெட்டகத்தின் அடியிலும் தரையிலும் துளைகள் விடப்பட்டுள்ளன. அவ்வாறே அடுப்பின் புகை போகும் வழியையும் மூடலாகாது. மூடிய அறையில் எரியும் அடுப்பு, மணமும் நிறமும் அற்ற நச்சுவாயுவை உண்டாக்கி, உறங்குவோரை எழாது செய்துவிடும். தெறிக்கும் நீரைத் தடுக்க வேண்டுமாயின் துளையின் வெளியே ஒரு மறைப்புத் தகடு வைக்கலாம். துளை திறந்தே இருக்கவேண்டும். நனைந்த மின்கம்பிகளையும், பச்சை பூத்த செப்பு முனைகளையும் மின்வினைஞர் ஒருவர் பார்த்தபின்னரே மின்சாரத்தை இணைக்கவேண்டும்.

மழையைத் தடுத்தாலும் உள்ளிருந்து பிறக்கும் ஈரம் உண்டு. இருவர் உறங்கும் ஓர் இரவில் அரை லீற்றருக்குக் குறையாத நீர், மூச்சாகவும் வியர்வையாகவும் காற்றிற் கலக்கின்றது. ஒரு கிலோகிராம் எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நீராவி உண்டாகின்றது. வாடை மழை தகட்டைக் குளிரவைக்க, அந்த ஆவி அதன் உட்புறத்தில் முத்து முத்தாகப் படிந்து சட்டத்தினுள் இறங்குகின்றது. மழை நாளிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு காற்றுவழிகளைச் சிறிது திறந்து வைப்பதும், பஞ்சணையைச் சுவரினின்று நான்கு விரல் விலக்கி இடுவதும், ஈரத் துணியை உள்ளே காயவிடாமையும் இதற்கு மருந்தாகும்.

எல்லா வண்டியையும் காப்பாற்ற இயலுமா? இயலாது. சுவரின் ஒரு மூலை உளுத்திருந்தால் திருத்தலாம். கூட்டைத் தாங்கும் தூண்களும், தரையின் குறுக்குச் சட்டங்களும், அவற்றின்கீழுள்ள இரும்பு அடிச்சட்டமும் ஒருங்கே அரிக்கப்பட்டிருந்தால், வீதியில் ஓடும்போது கூடு பிளக்கக்கூடும். அத்தகைய வண்டியில் மனைவி மக்களை ஏற்றிச் செல்வது தகாது. முதலிற் பலகைகளைக் கழற்றிப் பார்த்து, பின்னரே பணம் செலவிடுவது அறிவுடைமை. உள்ளே பாராமல் புதுவர்ணத்துக்குச் செலவிடும் பணம் களப்பிற் கரைத்த உப்பே.

சித்திரை முதல் ஆவணி வரை திறந்து, உலர்த்தி, திருத்துங்கள். புரட்டாதியில் கூரையேறி ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், வெடித்ததை மாற்றுங்கள். கூரையிலே தென்னஞ் சருகு சேரவிடாதீர்கள். மழைநீர் தேங்காது ஓடும்படி வண்டியைச் சற்றே சரிவாக நிறுத்துங்கள். வாடை தொடங்கியபின் பெருமழை பெய்யுந்தோறும் பெட்டகங்களின் உள்மூலையைக் கையால் தொட்டுப் பாருங்கள். கசிவை முதல் வாரத்திற் கண்டவனுக்கு ஒரு சுருள் நாடாவோடு வேலை முடியும். மூன்றாம் ஆண்டிற் கண்டவன் சுவரையே மாற்றவேண்டி வரும்.