இடைக்கச்சை இல்லாதவள்

மங்கோலியப் புல்வெளியில் மைல் கணக்கில் நடந்தாலும் ஒதுங்க ஒரு மரம் தட்டுப்படாத இடங்கள் உண்டு. குளிர்கால இரவுகளில் மைனஸ் 30 டிகிரி அங்கே சர்வசாதாரணம். அந்த வெட்டவெளியில் குதிரையேறி மந்தை மேய்ப்பவருக்கு உடுத்தியிருக்கும் அங்கிதான் பை, போர்வை, அவசரத்துக்கு மறைப்பும்கூட. அதன் பெயர் டேல்.

கழுத்தில் நிமிர்ந்த பட்டி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம், விரல்களை மூடும் கை. இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின்மேல் ஏறி, வலது தோளருகிலும் விலாவிலும் முடிச்சுப் பொத்தான்களில் மாட்டிக்கொள்ளும். கோடைக்கு மெல்லிய டேல், இடைப்பட்ட காலத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்தது, கடுங்குளிருக்கு உள்ளே ஆட்டுரோமத் தோல் வைத்தது என்று பருவத்துக்கு ஒன்று உண்டு. வெட்டு மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

இதன்மேல் பல மீட்டர் நீளப் பட்டுத் துணியை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்கள். இந்த இடைக்கச்சைக்குப் புஸ் என்று பெயர். நாள் முழுக்கக் குதிரையில் குலுங்குபவரின் முதுகுக்கு இதுதான் தாங்கல். கச்சை இறுகியதும் மார்புப் பக்கத்துத் துணி தொளதொளவென்று மடியாகிவிடும். மூக்குப்பொடிச் சிமிழ், கிண்ணம், காய்ந்த தயிர்க்கட்டி எல்லாம் அதற்குள்ளே போய்விடும். தனியாக ஜேப்பு எதற்கு?

பெண்ணைக் குறிக்க மங்கோலிய மொழியில் ‘புஸ்குய்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ‘இடைக்கச்சை இல்லாதவள்’ என்று பொருள். நாட்டின் பெரும்பான்மையினரான கல்கா மக்களிடையே மணமான பெண்கள் கச்சை கட்டாமல், தோள் புடைத்த அங்கியின்மேல் கையில்லாத நீள மேலாடை அணிவது முன்பு வழக்கமாக இருந்தது. இன்று பெண்களும் அழகாகக் கச்சை கட்டுகிறார்கள். பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது. பழைய கல்கா சீமாட்டிகளின் தோற்றத்தையும், இறக்கை விரித்தாற்போன்ற கூந்தல் அலங்காரத்தையும் தழுவித்தான் 1999இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் அமிடாலா அரசிக்கு ஒரு வேடம் அமைத்தார்கள். வேற்றுக்கிரகம் என்று நாம் வாய்பிளந்தது பாதி மங்கோலியா.

உடையில் மரியாதையும் அடங்கியிருக்கிறது. சாகான் சார் என்னும் புத்தாண்டில் புது டேல் உடுத்தி, மடித்த கைப்பட்டியை இறக்கிவிட்டு, தலையில் தொப்பியோடுதான் பெரியவர்களை வணங்க வேண்டும். இளையவர் தம் கைகளை மூத்தவரின் முழங்கைக்கு அடியில் கொடுத்துத் தாங்குவார். தொப்பியைக் கழற்றினால் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். தாண்டுவதோ மிதிப்பதோ பெருங்குற்றம்.

டேலோடு அணியும் பூட்ஸின் நுனி மேல்நோக்கி வளைந்திருப்பது பூமியைக் காயப்படுத்தாமல் இருப்பதற்காம். இது பின்னால் வந்த அழகான விளக்கம் என்றே எனக்குப் படுகிறது. நாதம் என்னும் விளையாட்டு விழாவில் மல்லர்கள் மார்பு திறந்த சட்டை அணிவதற்கும் ஒரு கதை உண்டு: முன்னொரு காலத்தில் ஆண் வேடமிட்டு வந்த பெண்ணொருத்தி எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தாளாம், இனி ஏமாறக் கூடாது என்று சட்டையின் முன்பக்கத்தை வெட்டிவிட்டார்களாம்.

தலைநகர் உலான்பாத்தரில் இப்போது நாள்தோறும் ஜீன்ஸும் கோட்டும்தான். ஆனாலும் ஜூலையில் நாதத்தை ஒட்டி, டேல் அணிந்தவர்களுக்கென்றே சுக்பாத்தர் சதுக்கத்தில் ஒரு விழா நடக்கிறது.