தண்ணீர் நிறம் பார்க்கவில்லை, விதிமுறை பார்த்தது!

புயலும் வெள்ளமும் பணக்காரன், ஏழை பார்க்காது. கருப்பு, வெள்ளை பார்க்காது என்று சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள்!

2005-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, திங்கட்கிழமை காலை. "கத்ரீனா" என்ற பெரும் புயல் அந்தப் பகுதியைத் தாக்கியது.

காற்றை ஊர் தாங்கிவிட்டது. தாங்காமல் போனது கரைதான்! கால்வாய்களின் தடுப்புச் சுவர்களும் மண் கரைகளும் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. கிண்ணம் மாதிரி பள்ளமான ஊர். நகரத்தில் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது.

புயலால் செத்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்றுதான் பல வருஷம் சொல்லி வந்தார்கள். 2023-ல் தேசிய சூறாவளி மையம் அதை 1,392 என்று திருத்தியது. நஷ்டம் சுமார் 12,500 கோடி டாலர்.

கரையைக் கட்டியது யார்? அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது என்று 2006-ல் அந்தப் படையே ஒப்புக்கொண்டது. அதாவது, இயற்கை செய்தது பாதி. மனிதன் செய்தது மீதி!

மாசக் கடைசி!

"எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறுங்கள்" என்று மேயர் உத்தரவு போட்டார். எப்போது? புயலுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில்!

கார் இருந்தவன் கிளம்பிவிட்டான். இல்லாதவன் என்ன செய்வான்?

அப்போது அந்த நகரத்தில் சுமார் 4 லட்சத்து 85 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு கருப்பின மக்கள். கருப்பினக் குடும்பங்களில் சுமார் மூன்றில் ஒன்றுக்குக் கார் கிடையாது. அதோடு 29-ந் தேதி, மாசக் கடைசி! உதவித்தொகை கைக்கு வருவது ஒண்ணாந் தேதிதான். பையில் காசில்லாதவன் எந்த ஊருக்குப் போய் எந்த ஓட்டலில் ரூம் போடுவான்?

பஸ் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. நூற்றுக்கணக்கான பஸ்கள் ஷெட்டிலேயே நின்று தண்ணீரில் மூழ்கின. அந்தப் படத்தை உலகமே பத்திரிகைகளில் பார்த்தது.

போக வழியில்லாதவர்களில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் "சூப்பர்டோம்" என்ற விளையாட்டு அரங்கத்தில் அடைந்து கிடந்தார்கள். கரண்ட் இல்லை. கக்கூசில் தண்ணீர் இல்லை. இன்னும் ஆயிரக்கணக்கானோர் மாநாட்டு மண்டபத்தின் வாசலில், குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். டெலிவிஷனில் தெரிந்த முகங்களில் பெரும்பாலானவை கருப்பு முகங்களே!

பாலத்தில் துப்பாக்கி

செப்டம்பர் 1-ந் தேதி நடந்தது இன்னும் கொடுமை. மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மறு கரையில் கிரெட்னா என்ற ஊர். அங்கே வெள்ளம் இல்லை. ஜனங்கள் பெட்டி படுக்கையோடு நடந்து பாலத்தில் ஏறினார்கள். பெரும்பாலும் கருப்பினத்தவர்.

எதிரே கிரெட்னா போலீஸ்! வானத்தைப் பார்த்துச் சுட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரிலும் இடமில்லை, சாப்பாடில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

செப்டம்பர் 4-ந் தேதி, டான்சிகர் என்ற இன்னொரு பாலத்தில் நியூ ஆர்லியன்ஸ் போலீசாரே சுட்டதில் ஆயுதம் ஏதும் இல்லாத 2 பேர் செத்தார்கள். 4 பேர் காயம். எல்லோரும் கருப்பினத்தவர். போலீஸ் அதை மூடி மறைக்கப் பார்த்தது. கடைசியில் 2016-ல்தான் 5 போலீஸ்காரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். 11 வருஷம்!

மேயரும் கருப்பினத்தவர்தான்!

இங்கே ஒரு சந்தேகம் வரும். அன்றைய மேயர் ரே நாகின், அவரே கருப்பினத்தவர் ஆயிற்றே? பிறகு எங்கே இருந்து வந்தது இனவெறி?

விஷயமே அங்கேதான் இருக்கிறது. இது ஆள் சம்பந்தப்பட்டதில்லை; ஆபீஸ் சம்பந்தப்பட்டது. "நிறுவன இனவெறி" என்று இதற்குப் பேர். யாரும் யாரையும் திட்ட வேண்டாம். நாற்காலியில் நல்லவரே உட்கார்ந்திருக்கலாம். பைலில் எழுதிவைத்த விதி தன் வேலையைக் காட்டிவிடும்!

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளையர் வாழ்ந்த லேக்வியூ பகுதியும் மூழ்கத்தான் செய்தது. வெள்ளையரும் ஏராளமாகச் செத்தார்கள். லூசியானா மாநிலத்தில் செத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதைத் தாண்டிய முதியவர்கள்.

ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு வந்தது பாருங்கள் ஒரு கணக்கு!

ஒரே நஷ்டம், இரண்டு தொகை

இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட, மத்திய அரசு பணத்தில் லூசியானா மாநிலம் 2006-ல் "ரோடு ஹோம்" என்று ஒரு திட்டம் போட்டது. ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் ஒண்ணரை லட்சம் டாலர்.

எவ்வளவு கொடுப்பது? புயலுக்கு முன் வீடு என்ன விலை, பழுதுபார்க்க என்ன செலவு, இரண்டில் எது குறைவோ அது. இதுதான் விதி. படிக்கும்போது இதில் கருப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை!

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு வீடு. ஒரே அளவு, ஒரே வயசு, ஒரே சேதம். பழுதுபார்க்க இரண்டுக்கும் தலா 1 லட்சம் டாலர் ஆகும். வெள்ளையர் பகுதி வீட்டின் விலை 1 லட்சத்து 40 ஆயிரம். கருப்பர் பகுதி வீட்டின் விலை 60 ஆயிரம். முதல் ஆளுக்கு முழுசாக 1 லட்சம் கிடைக்கும். இரண்டாவது ஆளுக்கு 60 ஆயிரம்தான்! மீதி 40 ஆயிரத்துக்கு அவர் எங்கே போவார்? சிமெண்டும் பலகையும் அவருக்கு மட்டும் விலை குறைத்துக் கொடுப்பார்களா?

அந்தப் பேட்டையில் வீட்டு விலை ஏன் குறைவு? அதற்கும் ஒரு பழைய பைல் உண்டு. 1930-களில் அரசாங்கமே நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கருப்பர்கள் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தது. "இங்கே கடன் கொடுப்பது ஆபத்து" என்று அர்த்தம். கடன் கிடைக்கவில்லை. விலை ஏறவில்லை. 70 வருஷத்துக்குப் பிறகு அதே குறைந்த விலையை அளவுகோலாக வைத்து நிவாரணம் அளந்தார்கள்!

இன்னொரு சங்கடம், பத்திரம். லோயர் நைன்த் வார்டு என்ற கருப்பர் பகுதியில் பல பேருக்கு வாடகை வீடில்லை, சொந்த வீடு. ஆனால் பத்திரம் தாத்தா பேரில், பாட்டி பேரில்! முறையாகப் பெயர் மாற்றவில்லை. பேப்பர் சரியில்லை என்று பணம் நின்றது. வாரிசுச் சொத்துக்காக ஆபீஸ் படி ஏறியவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

2008-ல் பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் சமரசம். கூடுதலாக 6 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அதற்குள் 6 வருஷம் ஓடிவிட்டது. காத்திருக்க முடியாதவர்கள் வேறு ஊர்களில் வேர் விட்டுவிட்டார்கள்.

பழைய பகை

1927-ல் மிசிசிப்பி ஆறு பெருகியபோதும் இதே கதைதான். கிரீன்வில் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கருப்பர்கள் ஆற்றங்கரை மேட்டில் தவித்தார்கள். படகுகள் வந்தன, வெள்ளையர்களை ஏற்றிப் போயின. கருப்பர்கள் போய்விட்டால் பருத்திக் காட்டில் வேலை செய்ய ஆள் ஏது? தோட்ட முதலாளிகளின் கவலை அது. அதனால் அவர்களைக் கரையிலேயே நிறுத்தி, துப்பாக்கிக் காவலில் மூட்டை சுமக்க வைத்தார்கள்.

2017 ஹார்வி புயலுக்குப் பிறகு டெக்சாஸ் மாநில நில அலுவலகம் நிவாரணப் பணத்தைப் பிரித்த முறையில் இனப் பாகுபாடு இருந்தது என்று மத்திய வீட்டுவசதித் துறை 2022-ல் சொன்னது. மாநில அலுவலகம் அதை மறுத்தது.

நியூ ஆர்லியன்சில் புதுக் கரைகள் கட்டினார்கள். 2021-ல் அதே ஆகஸ்டு 29-ந் தேதி "ஐடா" புயல் வந்தபோது அந்தக் கரைகள் அசையவில்லை. நல்ல சேதிதான்.

ஆனால் காக்க வேண்டிய ஆட்கள் எங்கே? லோயர் நைன்த் வார்டில் 2000-ல் 14 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் 3 ஆயிரம் பேர்கூட இல்லை. நகரம் முழுவதும் சேர்த்தால், அந்தப் பத்து வருஷத்தில் கருப்பின மக்கள் தொகை 1 லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

தண்ணீர் சில வாரத்தில் வடிந்தது. விதி வடியவில்லை. எங்கே வெள்ளம் வந்தாலும் சரி, நிவாரணம் எவ்வளவு என்று கேட்பதோடு விடக்கூடாது. எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்றும் கேட்க வேண்டும்!