கடலில் கால் வைக்குமுன்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி மாணவராகிய நமக்கு இது மிகவும் பொருந்தும். நம் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. அது வயலூர் அருகே கடலில் கலக்கிறது என்று படித்திருக்கிறோமேயன்றிக் கடலின் குணத்தை நாம் அறியோம். கல்விச் சுற்றுலாவில் மாமல்லபுரத்தில் பேருந்து நின்றதும் அலையை நோக்கி ஓடுகிறோம்.

நம்மில் நீச்சல் தெரிந்தவர் பலரும் என்னைப்போல் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்றவர்களே. கிணற்று நீர் அசையாது நிற்கும். கடல்நீரோ ஓயாது நகரும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் திரும்பிச் செல்லவேண்டும் அல்லவா? மணல்திட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களின் வழியே அது ஒடுங்கிய ஓட்டமாகக் கடலுக்குள் பாய்கிறது. அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. பார்வைக்கு அமைதியாய் இருக்கும். 'இங்கே அலை இல்லை' என்று நாம் இறங்குவதும் அங்கேதான்! சில வேளைகளில் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். போட்டி வீரனும் அதை எதிர்த்து நீந்த இயலாது.

அப்படி இழுக்கப்பட்டால் செய்வதென்ன? அவ்வோட்டம் ஆளைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகுமேயன்றி அடியில் அமுக்காது. கரையை நோக்கிப் போராடிக் களைப்பதே உயிரைக் குடிக்கிறது. ஆகவே மல்லாந்து மிதந்து, கையசைத்து உதவி கேட்கவேண்டும். வலுவிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு விலகியபின் கரைக்குத் திரும்பலாம்.

இன்னொன்று 'கள்ளக்கடல்'. இது கேரள மீனவர் இட்ட பெயர். தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயற்காற்று எழுப்பிய அலைகள், இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே கரையேறிவிடும். 2024 மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் கடலலையில் சிக்கி மாண்டனர். நம் வயதினர்! கடல் கொந்தளிக்கும் என்று ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அந்நாட்களில் எச்சரித்திருந்தது. புறப்படுமுன் அவ்வறிவிப்பைப் பார்ப்பதும், கரையிலுள்ள மீனவப் பெரியவரைக் கேட்டு அவர் காட்டும் இடத்தில் முழங்கால் அளவோடு நிற்பதும் நம்மைக் காக்கும்.

நண்பன் தத்தளித்தால் உடனே குதிக்காதீர். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது வழக்கமாகிவிட்டது. காலித் தண்ணீர்க் கேன், கயிறு, பந்து எதையேனும் எறியுங்கள், மீனவரை அழையுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். கரைசேர்ந்தவரைத் தலைகீழாய்ச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய்வைத்து மூச்சூட்டி, பின்பு நெஞ்சை அழுத்தவேண்டும். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலேயே இதைப் பழகிக்கொள்ளலாமே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.