பிள்ளை யாரோடு இருக்கிறான்?

1990-களில் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் வெள்ளிக்கிழமை இரவு வந்தால் பெரியவர்களே கடைத்தெருப் பக்கம் போக யோசிப்பார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகள் குடித்துவிட்டுக் கும்பல் கும்பலாகத் திரிந்துகொண்டிருப்பார்கள். 1998-இல் நடந்த கணக்கெடுப்பில், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னார்கள். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் 17 சதவீதம்.

இப்படிச் செய்தி வந்தால் எந்த ஊரிலும் முதலில் குற்றம் சாட்டப்படுவது தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்தான்.

ஆய்வுகள் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையிலான 22,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை ஜான் ஹாஃப்மன், ராபர்ட் ஜான்சன் இருவரும் அலசி 1998-இல் வெளியிட்டார்கள். பெற்ற தாய் தந்தை இருவரும் இருக்கும் வீடுகளில் போதைப் பழக்கம் குறைவு என்பது எதிர்பார்த்த முடிவுதான். மிக அதிகமாகக் காணப்பட்டதோ தந்தையின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளிடம். வருமானம், அடிக்கடி வீடு மாறுவது போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. ஆனால் தந்தை வளர்ப்பதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. மணமுறிவுக்குப் பின் அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் தாயிடமே இருப்பார்கள். தாயால் சமாளிக்க முடியாமல் போன பிறகு தந்தையிடம் வந்தவர்களும் இவர்களில் இருக்கலாம்.

மீண்டும் ஐஸ்லாந்துக்கு வருவோம். அங்கே பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, திருமணம் செய்துகொள்ளாத பெற்றோருக்குப் பிறப்பவை. அவர்களில் பலர் சேர்ந்தே வாழ்கிறார்கள் என்றாலும், திருமணம்தான் பிள்ளைகளைக் காக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு அது கவலை தரும் நாடுதான். அந்த நாட்டில்தான் 2016-க்குள் போதை ஏறக் குடித்தவர்களின் 42 சதவீதம் 5-ஆகச் சரிந்தது, கஞ்சாவைத் தொட்டவர்களின் 17 சதவீதம் 7-ஆகக் குறைந்தது. அதே காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளில் பதின்வயதுக் குடி குறைந்தது உண்மை. ஐஸ்லாந்தின் வேகம் தனி.

அங்கே யாரும் குடும்பத்தின் வடிவத்தை மாற்றப் போகவில்லை, பிள்ளைகளின் மாலைப் பொழுதைத்தான் மாற்றினார்கள். 13 முதல் 16 வயதுள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே சுற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. பெற்றோர்கள் பள்ளி வழியாகக் கூடி, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடுகளைப் பேசி ஒப்பந்தமாகவே கையெழுத்திட்டார்கள், முறைவைத்து இரவில் தெருக்களையும் சுற்றிவந்தார்கள். விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்காக ரெய்க்யவிக் நகராட்சி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 35,000 குரோனா வரை கொடுத்தது. ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு இதைவிடப் பயனுள்ள உதவி எது? வார நாள்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் செலவிடும் பிள்ளைகள் 1997-இல் 23 சதவீதம், 2012-இல் 46 சதவீதம்.

கண்காணிப்பு என்றதும் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 2000-இல் ஒன்றைக் காட்டினார்கள். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி துருவிக் கேட்டு வாங்கியது அல்ல, பிள்ளை தானாக வந்து சொன்னது. அப்படிச் சொல்லும் பிள்ளைகள் தடம் மாறுவது குறைவு. சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வரும் பிள்ளைக்கு, திட்டாமல் காதுகொடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தனியாக வளர்க்கும் தாயாகவும் இருக்கலாம், தாத்தாவாகவும் இருக்கலாம்.