புறமா அகமா? மலேசிய இடைநிலைப்பள்ளி ஆண்டில் விளையாட்டு, வகுப்பு நடவடிக்கை, தமிழ் மாணவர்

முன்னுரை

மலேசியத் தமிழ்க்கல்வி குறித்து எழுந்துள்ள கட்டுரைகளில் பெரும்பாலானவை தொடக்கப்பள்ளியையே நடுவமாகக் கொண்டவை. தமிழ் பயிற்றுமொழியாக விளங்குவது அந்நிலையில் மட்டுமே என்பதால் இதில் வியப்பில்லை. ஆறாம் ஆண்டை முடிக்கும் மாணவர், மலாய்மொழி பயிற்றுமொழியாக உள்ள தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றார். அங்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே எஞ்சுகின்றது. இம்மாற்றத்தை ஆராய்வோர் பாடநூல், தேர்வு முடிவு, ஆசிரியர் பற்றாக்குறை ஆகியவற்றையே பெரிதும் பேசுகின்றனர். அம்மாணவர் புதிய பள்ளியில் ஓராண்டு முழுவதும் வகுப்பு நேரத்திற்கு வெளியே என்ன செய்கின்றார், திடலில் எந்த அணியில் நிற்கின்றார், எந்தப் பொறுப்பை ஏற்கின்றார், மாலையில் எப்பொழுது வீடு திரும்புகின்றார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அவ்வினாக்களுக்கும் தமிழ்ப்பாடத்தின் இருப்புக்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

இத்தகைய தலைப்பில் எழுதுவோர் சங்ககால ஓரையாடலிலிருந்தும் ஏறு தழுவுதலிலிருந்தும் தொடங்குவது மரபு. நாம் காணப்போகும் திடல் பிரித்தானியர் காலத்து ஆங்கிலப் பள்ளிகளின் வழிவந்தது. ஆதலின் அம்மரபை ஈண்டுப் பின்பற்றவில்லை.

சொல்லும் சட்டமும்

மலேசியத் தமிழாசிரியர்கள் ‘புறப்பாட நடவடிக்கை’ என்னும் தொடரைப் பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றனர். சிங்கப்பூரில் இதனையே ‘இணைப்பாட நடவடிக்கை’ என்பர். புறம் என்பது பாடத்திற்கு வெளியே இருப்பது. இணை என்பது பாடத்தோடு சேர்ந்து செல்வது. இரண்டும் ஒரே பொருளைச் சுட்டினும் அவை தரும் மனப்பதிவு வேறு. வெளியே இருப்பதை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பெற்றோரிடமும் மாணவரிடமும் ஏற்பட இச்சொல்லும் ஒரு சிறு காரணமாக இருக்கலாம் எனத் தோன்றுகின்றது.

சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதன்கீழ் 1997இல் இயற்றப்பட்ட தேசியக் கலைத்திட்ட விதிகளும் புறப்பாட நடவடிக்கைகளைக் கலைத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே கொள்கின்றன. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சீருடை இயக்கத்திலும், ஒரு கழகம் அல்லது மன்றத்திலும், ஒரு விளையாட்டிலும் சேர வேண்டும் என்பது நடைமுறை. 2011இல் ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கை அறிமுகப்படுத்தப்பட்ட பின்னர் விளையாட்டில் பங்கேற்பது மேலும் வலியுறுத்தப்பட்டது. ஆகவே, பெயரில் புறமாக இருப்பது சட்டத்தில் அகமாகவே உள்ளது.

ஆண்டின் ஓட்டம்

மலேசியப் பள்ளியாண்டு நெடுங்காலம் சனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. கோவிட் பெருந்தொற்றின் விளைவாக 2022ஆம் ஆண்டின் பள்ளித் தவணை மார்ச்சு மாதத்திற்குத் தள்ளிப்போயிற்று. 2025இல் பிப்ரவரியில் தொடங்கி, 2026இல் மீண்டும் சனவரிக்குத் திரும்பியது. மாதங்கள் மாறியபோதும் நடவடிக்கைகளின் வரிசை பெரிதும் மாறவில்லை. ஆண்டின் முற்பகுதி திடலுக்கும் பிற்பகுதி தேர்வுக்கும் உரியது என்பது எழுதப்படாத விதி.

முதலில் வருவது குறுக்கோட்டம். பள்ளி வாயிலில் புறப்பட்டு அருகிலுள்ள குடியிருப்பையோ தோட்டப் பகுதியையோ சுற்றிச் சில கிலோமீட்டர் ஓடித் திரும்பும் போட்டி இது. சிறப்புத் திறன் எதுவும் இதற்குத் தேவையில்லை. விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை. முதலாம் படிவத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவரைப் பள்ளி முதன்முதலாக அடையாளம் காண்பது பல வேளைகளில் இங்குத்தான்.

அதனையடுத்து வருவது, மலாய்மொழியில் ‘சுக்கான்தாரா’ எனப்படும் அடைவுநிலைப் போட்டி. தமிழாய்வாளர்கள் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாணவர்கள் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை முதலிய நிறங்களைக் கொண்ட இல்லங்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவரும் ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் வரையறுக்கப்பட்ட அளவை எட்ட முயல வேண்டும். குறிப்பிட்ட நேரத்திற்குள் 100 மீட்டரை ஓடி முடித்தால் இல்லத்திற்குப் புள்ளி. குறிப்பிட்ட தொலைவுக்குக் குண்டு எறிந்தால் இல்லத்திற்குப் புள்ளி. இங்கு எதிராளி என்று எவருமில்லை. முதலிடம் பெறும் ஆற்றல் இல்லாத மாணவரும் தம் இல்லத்திற்கு ஏதேனும் ஈட்டித்தர இயலும். ஆண்டுப் போட்டி விளையாட்டு நாளன்று கோப்பையை வெல்லும் இல்லம் எது என்பதை, கூடாரத்தில் அமர்ந்து கைதட்டும் இம்மாணவர்கள் முன்னரே ஓரளவு தீர்மானித்துவிடுகின்றனர். போட்டி விளையாட்டின் அணிவகுப்பையும் கொடிகளையும் விட இவ்வேற்பாடே கல்வியியல் நோக்கில் உயர்ந்தது எனலாம்.

போட்டி விளையாட்டு நாள் குறித்து மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. படித்தவர் அனைவரும் அறிந்ததே. அதில் தேர்ந்தோர் மாவட்டம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக நடைபெறும் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளுக்குச் செல்கின்றனர். இப்போட்டிகளில் 15 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் என்னும் பிரிவுகள் உண்டு. இவை படிவத்தை அல்லாமல் பிறந்த ஆண்டையே அடிப்படையாகக் கொண்டவை. இதன் விளைவொன்று தமிழ்ப்பள்ளியிலிருந்து வருவோரைத் தனியே தாக்குகின்றது. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப் பள்ளி மாணவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்ற பின்னரே முதலாம் படிவத்திற்குச் செல்லும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அவ்வாறு பயின்றவர் மூன்றாம் படிவத்தை அடையும்போது அவருக்கு 16 வயது. உடன் பயிலும் நண்பர்கள் 15 வயதுப் பிரிவில் ஓடுகையில் இவர் ஐந்தாம் படிவத்தாரோடு 18 வயதுப் பிரிவில் ஓட வேண்டும். மொழித்தேர்வில் இழந்த ஓராண்டு திடலிலும் இழப்பாகின்றது.

போட்டிகளுக்கு அப்பால், ‘செகாக்’ எனப்படும் தேசிய உடலுறுதிச் சோதனை ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகின்றது. மூன்று நிமிடம் படியேறி இறங்குதல், தண்டால், அரைநிலை வயிற்றுப்பயிற்சி, கால்நீட்டி அமர்ந்து முன்வளைதல் என நான்கு சோதனைகள் இதில் அடங்கும். உடல் எடைக் குறியீடும் உடன் கணக்கிடப்படும்.

திடலிலிருந்து சென்றவர்கள்

இந்நாட்டு விளையாட்டு வரலாற்றில் இந்திய வமிசாவளியினரின் பெயர்கள் பல உள. மா. ஜெகதீசன் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. பின்னர் மருத்துவரானார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 1968இல் மெக்சிக்கோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் நிறுவிய தேசியச் சாதனை 2017 வரை முறியடிக்கப்படவில்லை. அதே பாங்காக் போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றவர் மா. ராஜமணி, பேராக் மாநிலத்துத் தாப்பாவைச் சேர்ந்தவர். தமிழ்ப்பாட நூல்களில் இவர்களைப் பற்றிய பகுதிகள் இடம்பெறின், விளையாட்டும் தமிழும் இருவேறு உலகங்கள் என்னும் எண்ணம் சற்றுக் குறையும்.

வகுப்பறையின் பொறுப்புகள்

திடல் உடலால் தேர்ந்தெடுக்கின்றது எனில், வகுப்பு மொழியால் தேர்ந்தெடுக்கின்றது. ஆண்டின் முதல் வாரத்தில் வகுப்புத் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் தெரிவு செய்யப்படுவர். வகுப்பறையைத் துப்புரவு செய்யும் கடமைப் பட்டியல் சுவரில் ஒட்டப்படும். மே 16ஆம் நாள் ஆசிரியர் தினம்; ஆகஸ்டில் தேசிய தினத்தையொட்டி வகுப்பறை அலங்காரப் போட்டி; இடையில் சிற்றுண்டி விற்பனை நாள், பள்ளி ஆண்டிதழ்ப் பணி எனத் தொடரும். ஆசிரியர் தினம் மே 16இல் அமைந்தமைக்கு, 1956ஆம் ஆண்டு அந்நாளில் ரசாக் கல்வி அறிக்கை சட்டமன்றத்தின் ஏற்பைப் பெற்றது காரணம் என்பதைத் தமிழாசிரியருள்ளும் சிலரே மாணவருக்குச் சொல்கின்றனர்.

இப்பொறுப்புகள் அனைத்தும் மலாய்மொழியிலேயே இயங்குகின்றன. கூட்டக் குறிப்பு எழுதுதல், ஆசிரியரிடம் அறிக்கை அளித்தல், சக மாணவரிடம் பணம் திரட்டிக் கணக்குக் காட்டுதல் ஆகியன மொழித்துணிவை வேண்டுவன. தமிழ்ப்பள்ளியில் மாணவர் தலைவராக இருந்தவர்கூட முதலாம் படிவத்தில் எப்பொறுப்பையும் ஏற்காது ஒதுங்குவதைத் தமிழாசிரியர்கள் அறிவர். அவர் தம் தலைமைப் பண்பை இழந்துவிடவில்லை. அதனை வெளிப்படுத்தும் மொழி அவருக்கு இன்னும் கைவரவில்லை, அவ்வளவே.

தமிழ்மொழிக் கழகத்தின் பயனை இவ்விடத்தில்தான் உணர்கின்றோம். அங்கு அவர் தலைவராகலாம், செயலாளராகலாம், பேச்சுப்போட்டியையும் பொங்கல் விழாவையும் தாமே ஏற்பாடு செய்யலாம். கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதிப் பழகியவருக்கு அதனை மலாய்மொழியில் எழுதுவது நெடுநாள் ஆகாது. கழகத்தை விழா நடத்தும் அமைப்பாக மட்டும் கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணும் பேருந்தும்

பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் வழங்கப்படுகின்றது. இப்பத்து விழுக்காட்டைப் பெற்றோர் பலர் பிந்தியே அறிகின்றனர். வருகை, வகித்த பதவி, பங்கேற்ற நிலை, பெற்ற வெற்றி ஆகியவை அதில் கணக்கிடப்படுகின்றன. வருகைக்கே பெரும்பங்கு. மாநில நிலையில் வென்றவர் சிலரே இருப்பர். ஆயின், வாரந்தோறும் தவறாது வருவது எல்லாராலும் இயலும் என்பது இதன் கருத்து.

எல்லாராலும் இயலுமா? வகுப்புகள் நண்பகலுக்குப் பின் முடிகின்றன. நடவடிக்கைகளோ பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நடைபெறுகின்றன. தோட்டப்புறத்திலிருந்தும் நகரின் ஓரத்துக் குறைந்த விலைக் குடியிருப்பிலிருந்தும் வரும் மாணவர் பள்ளிப் பேருந்தையோ சிற்றுந்தையோ நம்பியிருக்கின்றனர். அவ்வண்டி ஒரு முறைதான் புறப்படும். நடவடிக்கைக்காகத் தங்கினால் மாலையில் வீடு திரும்ப வேறு வழி தேட வேண்டும். உணவுக்கும் பணம் வேண்டும். தம்பி தங்கையரைக் கவனிக்க வீடு செல்லும் மாணவியரும் உளர். சீருடை இயக்கத்திற்குரிய உடை, காலணி, முகாம் கட்டணம் ஆகியவை தனிச்செலவு. இவற்றால் வராதவரின் பெயருக்கு எதிரே வருகைப் பதிவில் ‘இல்லை’ என்பதே விழுகின்றது. ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு அப்பதிவில் இடமில்லை. தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவருக்கு இறுதியில் ஓரிரு புள்ளிகள் குறையுமாயின், அக்குறை மூன்றாம் படிவத்தின் ஏதோ ஒரு புதன்கிழமைப் பிற்பகலில் தொடங்கியதாக இருக்கக்கூடும்.

பதினைந்து பேர்

கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் வேண்டினால் அங்குத் தமிழ் கற்பிக்க வழி செய்யப்பட வேண்டும். இவ்வெண்ணைத் தமிழ்ப்பற்றாளர் அனைவரும் அறிவர். அதற்கும் விளையாட்டிற்கும் உள்ள உறவே அறியப்படாதது.

பல பள்ளிகளில் தமிழ்ப்பாடம் கால அட்டவணைக்கு வெளியே நடத்தப்படுகின்றது. வகுப்பு முடிந்த பின்னரோ சனிக்கிழமையிலோ அது நிகழும். ஓட்டப் பயிற்சியும், வளைகோற்பந்துப் பயிற்சியும், சீருடை அணிவகுப்பும் அதே வேளையில்தான் நிகழ்கின்றன. ஆக, மாவட்டத்திற்கு ஓடத் தெரிவுபெற்ற மாணவி தமிழ் வகுப்பையோ பயிற்சியையோ விட்டாக வேண்டும். பயிற்சிக்குச் செல்லாவிடில் அணியில் இடம் போகும். அதனோடு புள்ளியும் போகும். தமிழ் வகுப்பிற்குச் செல்லாவிடில் உடனடியாக எதுவும் போவதில்லை. ஓராண்டு கழித்து, ஐந்தாம் படிவத் தேர்வில் தமிழை எடுக்க அவர் தயங்குகின்றார். இவ்வாறு இருவர் மூவர் விலகினால் 15 என்பது 12 ஆகின்றது. அதன்பின் ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்படலாம். கழகத்திற்கு ஆலோசக ஆசிரியர் இல்லாது போகும். எஞ்சியவர்க்கும் பதவியில்லை, போட்டியில்லை, புள்ளியில்லை.

மாணவர்க்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று இதனை விளக்குவது எளிது. ஆயின் அது பிழையான விளக்கமாகும். ஒரே மணிநேரத்தில் இரண்டை வைத்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பற்றின் அளவுகோலாகாது.

சில பள்ளிகளில் தமிழாசிரியரே ஓட்டப்பந்தயப் பயிற்றுநராகவோ இல்லத்தின் பொறுப்பாசிரியராகவோ இருக்கின்றார். அங்கு இம்மோதல் பெரிதும் தணிகின்றது. பயிற்சி இல்லாத நாளை அவரே அறிவார். அத்தகையவர் தமிழ் வகுப்பிலும் திடலைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். தொடர் ஓட்டத்திற்கு நேர்முக வருணனை எழுதச் செய்யலாம். ஈட்டி எறிதல், தட்டு எறிதல், தடை ஓட்டம் முதலிய சொற்களை மாணவர் வாயிலாகவே வழக்கிற்குக் கொணரலாம். தொடர் ஓட்டம், அஞ்சல் ஓட்டம் என ஒரே போட்டிக்கு இரு பெயர் இருப்பது சொல்லாக்கம் பற்றிய பாடத்திற்கு நல்ல தொடக்கம்.

தமிழாசிரியர் திடலுக்குச் செல்ல இயலாத பள்ளிகளில், பள்ளியின் புறப்பாடக் குழு கூடும்போது தமிழ்ப்பாட நேரத்தை முன்கூட்டியே அவர் எழுத்தில் அளிப்பது முதற்படி. எந்த விளையாட்டுக்கு எந்த நாள் என்பதும், எந்தக் கழகம் எந்த வாரம் கூடும் என்பதும் அக்கூட்டத்திலேயே முடிவாகின்றன. தமிழ் வகுப்பு புதனன்று எனக் குழு அறிந்திருப்பின், ஓட்டப் பயிற்சியைச் செவ்வாய்க்கு மாற்றுவது பெரும்பாலும் கடினமானதன்று. பள்ளி தொடங்கிய பின் கேட்டால் அட்டவணை அச்சாகிச் சுவரில் ஏறியிருக்கும். அக்கூட்டமோ பல பள்ளிகளில் முந்திய ஆண்டின் இறுதியிலேயே நடந்து முடிந்துவிடுகின்றது.